கணினிக்குள் ஒரு கணினி

விர்ச்சுவல்பாக்ஸ் கொண்டு ஒரே கணினிக்குள் லினக்ஸ் கணினி ஒன்றையும் இயக்கலாம். காலஞ்சென்ற என் அன்னையார் ஊரிலிருந்து எழுதிய கடிதங்களைச் செல்லரிக்குமுன் படமெடுத்து வைத்திருந்த கோப்புறையை, அவ்வுள்கணினியோடு பகிர்ந்தேன். நாள்தோறும் கட்டளையிட்டு இணைப்பது தொல்லையாயிற்று.

உள்கணினியில் 'கெஸ்ட் அடிஷன்ஸ்' நிறுவியபின், பகிர்வமைப்பில் 'ஆட்டோ மவுண்ட்' என்பதைக் குறித்தால், அது எழும்போதே கோப்புறை தானே வந்து நிற்கும். 'அனுமதி இல்லை' எனின், 'வீபாக்ஸ்எஸ்எஃப்' என்னும் குழுவில் நம் பயனர் பெயரைச் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழைதல் வேண்டும்.

ஒன்று மறவற்க: உள்ளே தோன்றுவது நகலன்று, அங்கே அழித்தால் இங்கும் அழியும். என் மகன் அறியாது அழித்த இரு கடிதங்கள் மீளவில்லை. ஆதலின் 'ரீட் ஒன்லி' என்பதையும் குறித்து வையுங்கள்.