சோதனைச் சீட்டே முடிவாகுமா?

எங்கள் தெருவில் பீடி சுற்றும் அத்தை ஒருவர் இருக்கிறார். சென்ற ஆண்டு ஒரு முகாமில் இரத்தம் கொடுத்தார். 'ஹெப்படைட்டிஸ் பி – பாசிட்டிவ்' என்று சீட்டு வந்தது. ஆங்கிலம் படித்தவன் என்று என்னிடம்தான் கொண்டுவந்தார்கள். நானும் "நோய் இருக்கிறது" என்று சொல்லிவிட்டேன். அன்று முதல் அத்தைக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். அந்நோய் தட்டாலும் தம்ளராலும் பரவாது என்பது வேறு விஷயம்! இருபது நாள் கழித்துச் செய்த மறுசோதனையில் நோயில்லை என்று தெரிந்தது. தவறு சோதனையுடையது மட்டுமன்று. கணிதம் படித்தும் கணக்குப் பார்க்காத என்னுடையதும் ஆகும்.

எந்தச் சோதனைக்கும் இரண்டு திறன்கள் உண்டு. நோயுள்ளவரைக் கண்டுபிடிப்பது ஒன்று. நோயற்றவரை நோயற்றவர் என்றே சொல்வது மற்றொன்று. முன்னது நூற்றுக்கு 90, பின்னது நூற்றுக்கு 95 என்று வைத்துக்கொள்வோம். சீசனில் குற்றாலம் பேரருவியில் குளிக்க வந்த 1,000 பேரைச் சோதிக்கிறோம். அவர்களில் 10 பேருக்கே நோய் என்றால், 9 பேர் அகப்படுவர். நோயற்ற 990 பேரிலோ ஏறக்குறைய 50 பேருக்குப் 'பாசிட்டிவ்' என்று வந்துவிடும். ஆக, 59 பேரில் உண்மை நோயாளிகள் 9 பேரே! இதே சோதனையை, 400 பேருக்கு நோயுள்ள ஆயிரம் பேரிடம் செய்தால், 390 'பாசிட்டிவ்'களில் 360 உண்மையாகும். சோதனை மாறவில்லை, ஆட்கள்தாம் மாறினார்கள்.

'நெகட்டிவ்' என்ற சொல்லும் அப்படியே. 2020 ஜூனில் கொரோனாவுக்கான ஓர் ஆன்டிஜன் விரைவுச் சோதனையை ஆராய்ந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், நோயுள்ளவரைக் கண்டறியும் திறன் நூற்றுக்கு 50.6 முதல் 84 வரையே என்று அறிவித்தது. ஆகவேதான் அறிகுறி இருந்தும் 'நெகட்டிவ்' வந்தவர்களுக்கு ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையும் செய்யவேண்டும் என்றது. காசநோய்க்கென இரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடிய வணிகச் சோதனைகளை நம்பக்கூடாதென்று 2011இல் உலக சுகாதார நிறுவனம் கூறியது. 2012இல் இந்திய அரசு அவற்றைத் தடை செய்தது. புள்ளியியல் உயிர்காக்கும் கலை என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

சோதனையே வேண்டாம் என்பதன்று என் வாதம். முகாம்களில் தரும் சீட்டில், "இது முதற்கட்டச் சோதனை; மறுசோதனைக்குப் பின்னரே முடிவு" என்று தமிழில் ஒரு வரி அச்சிடட்டும். அந்த ஒரு வரி இருந்திருந்தால் அத்தை இருபது நாள் திண்ணையில் தனியே அமர்ந்து உண்டிருக்க மாட்டார்.

மாணவ நண்பர்களே! நம்மில் பலர், நம் தெருவுக்கே சீட்டுப் படித்துச் சொல்பவர்கள். எழுத்தை மட்டும் படித்தால் போதாது. எண்ணையும் படித்துச் சொல்வோம்.