தமிழுக்கு மூன்றை அழுத்துக. பதில் ஆங்கிலத்தில் வரும்

இலங்கையில் தொலைபேசியை நம்பி அலுவல் பார்க்கும் தமிழர் பலருக்கு இது பழகிப்போன ஒன்று. இலக்கத்தை அழைத்தால் இயந்திரக் குரல் வரவேற்கிறது. சிங்களத்துக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு, தமிழுக்கு மூன்று என்கிறது. மூன்றை அழுத்துகிறோம். ஒரு வரி தமிழில் வருகிறது. அடுத்த வரி ஆங்கிலத்துக்குத் தாவிவிடுகிறது. கட்டண நிலுவை எவ்வளவு என்று கேட்டால் தொகையும் ஆங்கிலத்திலேயே சொல்லப்படுகிறது.

ஏன் இப்படி என்று கேட்டால் கிடைக்கும் பதிலும் பழகிப்போனதே: "எங்கள் தொலைபேசித் தொகுதியில் தமிழ் வசதி இல்லை."

இந்தப் பதில் பொய் என்பதே இக்கட்டுரையின் வாதம். சொல்பவர் அறிந்து சொல்கிறாரா, அறியாமற் சொல்கிறாரா என்பது வேறு விடயம். தொலைபேசித் தொகுதி எப்படி நிறுவப்படுகிறது என்பதைச் சற்று விளங்கிக்கொண்டால் பொய் எங்கே இருக்கிறது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

ஒரு காலத்தில் அலுவலகத்துக்கான உள்ளகத் தொலைபேசி இணைப்பகம், அதாவது பி.ஏ.பி.எக்ஸ், பெரும் நிறுவனங்கள் விற்ற பூட்டிய பெட்டியாகவே இருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்பது விற்றவருக்கு மட்டுமே தெரியும். அந்தப் பூட்டை உடைத்தவர்களுள் ஒருவர் மார்க் ஸ்பென்சர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஓபேர்ன் பல்கலைக்கழக மாணவராக இருந்த அவர், 1999 இல் லினக்ஸ் பயனாளருக்கு உதவி வழங்கும் சிறு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். அதற்கு ஓர் இணைப்பகம் தேவைப்பட்டது. வாங்கப் பணம் போதவில்லை. ஆகவே தாமே ஒன்றை எழுதினார். அதுதான் அஸ்டரிஸ்க். தொலைபேசி விசைகளில் உள்ள நட்சத்திரக் குறியின் பெயர் அது. மூலநிரலைப் பொது உரிமத்தின் கீழ் எல்லோருக்கும் திறந்துவிட்டார். 2004 இல் முதலாவது முழுப் பதிப்பு வெளிவந்தது. அவருடைய நிறுவனமான டிஜியம் 2018 இல் கனடாவின் சங்கோமாவிடம் கைமாறியது. மூலநிரல் இன்றும் திறந்தே இருக்கிறது.

இதை நிறுவுவதற்குப் பெரிய வித்தை வேண்டியதில்லை. ஒரு சாதாரண கணனியில் டெபியன் லினக்ஸை ஏற்றி, அதன் மீது அஸ்டரிஸ்க்கின் மூலநிரலைத் தொகுத்து நிறுவலாம். அது கடினம் என்பவர்களுக்கு இணைய உலாவி வழியே இயக்கக்கூடிய ஃப்ரீபிபிஎக்ஸ் இருக்கிறது. அதன் 17 ஆம் பதிப்பு டெபியன் 12 இன் மேல் இயங்குமாறு 2024 இல் வெளிவந்தது. பின்னர் ஒவ்வொரு மேசைத் தொலைபேசிக்கும் ஒரு கணக்கு, தொலைபேசிச் சேவை வழங்குநரோடு ஓர் இணைப்பு. அழைப்பு வந்தால் எந்த ஒலியை ஒலிக்க வேண்டும், எந்த விசை அழுத்தப்பட்டால் எங்கே அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் வெறும் எழுத்துக் கோப்பில் எழுதப்படும் கட்டளைகள்.

இனி மொழி விடயத்துக்கு வருவோம். அஸ்டரிஸ்க்கின் ஒலிகள் ஒரு கோப்பகத்துள் மொழிவாரியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தமிழுக்கு 'டி.ஏ.' என்னும் ஈரெழுத்துக் குறியுடன் ஓர் உட்கோப்பகம் உருவாக்கி, ஒலித்துண்டுகளைப் பதிந்து வைத்து, அழைப்பின் மொழி தமிழ் என்று ஒரு வரி எழுதினால் போதும். ஆனால் அந்தக் கோப்பகத்தில் குறிப்பிட்ட ஒலித்துண்டு இல்லையென்றால் தொகுதி நின்றுவிடுவதில்லை. அழைத்தவருக்கு எதையும் அறிவிப்பதுமில்லை. தனது இயல்பு மொழியான ஆங்கிலத்துக்குத் தாவி அந்தத் துண்டை ஒலிக்கிறது.

வாசகர்களே, மூன்றை அழுத்திய பின் ஆங்கிலம் ஒலிக்கும் மர்மத்துக்கு இதைவிட எளிய விளக்கம் வேண்டுமா? எல்லா நிறுவனங்களும் அஸ்டரிஸ்க்கையே பயன்படுத்துகின்றன என்று நான் சொல்லவரவில்லை. இலவசமாகக் கிடைக்கும் தொகுதியில் இயல்வது, இலட்சக்கணக்கில் விலைகொடுத்து வாங்கிய தொகுதியில் இயலாது என்று எவரும் வாதிட முடியாது. தமிழுக்கு இடமில்லை என்பதல்ல உண்மை. தமிழின் இடம் வெறுமையாக விடப்பட்டிருக்கிறது என்பதே உண்மை.

இதில் குற்றம் அலுவலகங்களுடையது மட்டுந்தானா? இல்லை. நமக்கும் அதில் பெரும் பங்குண்டு.

அஸ்டரிஸ்க்கோடு அதிகாரபூர்வமாக வரும் ஒலித்தொகுப்புகளில் பிரெஞ்சு, ஸ்பானிய, இத்தாலிய, ரஷ்ய மொழிகள் இருக்கின்றன. தமிழ் இல்லை. எண்களை வாசிக்கும் இலக்கணம் அதன் மூலநிரலிலேயே பல மொழிகளுக்கு எழுதப்பட்டிருக்கிறது. உருது இருக்கிறது. தாய்லாந்து மொழி இருக்கிறது. நம்மைவிட மிகச் சிறிய தொகையினர் பேசும் ஜோர்ஜிய மொழியும் இருக்கிறது. அவற்றை எவரும் தங்கத்தட்டில் வைத்துக் கொடுக்கவில்லை. அம்மொழிகளில் அக்கறை கொண்டவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். ஏற்கப்பட்டது. உலகெங்கும் மென்பொருள் எழுதிப் பிழைக்கும் இனம் என்று மார்தட்டும் நாம் எழுதிக் கொடுக்கவில்லை.

எண்ணை வாசிப்பது அற்ப விடயம் என்று நினைப்பவர்கள் 1992 என்ற எண்ணைத் தமிழில் வாசித்துப் பாருங்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு. ஆங்கில முறைப்படி 'ஆயிரம்', 'ஒன்பது', 'நூறு', 'தொண்ணூறு', 'இரண்டு' என்று துண்டுகளை ஒட்டினால் அது தமிழாகாது. தனித்து நிற்கும்போது நூறு. அடுத்த எண்ணோடு சேரும்போது நூற்று. ஆயிரம் என்பது ஆயிரத்து ஆகிறது. இந்த வேறுபாட்டை எந்த அந்நியப் பொறியியலாளரும் நமக்காக எண்ணிப்பார்க்கப் போவதில்லை.

ஆனால் வேலை எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்று முதல் தொண்ணூற்றொன்பது வரை 99 ஒலித்துண்டுகள். நூறு முதல் தொள்ளாயிரம் வரை, தனி வடிவமும் சேர்க்கை வடிவமுமாக 18. ஆயிரம் முதல் தொண்ணூற்றொன்பதாயிரம் வரை அவ்வாறே 198. மொத்தம் 315 துண்டுகள். இவை இருந்தால் 99,999 வரை எந்தத் தொகையையும் பிழையற்ற தமிழில் இயந்திரம் சொல்லும். சேர்க்கும் விதிகளை மூலநிரலைத் தொடாமலே ஓர் எழுத்துக் கோப்பில் எழுத அஸ்டரிஸ்க்கில் வழியுண்டு. நல்ல குரலும் தெளிவான உச்சரிப்பும் உடைய ஓர் அறிவிப்பாளருக்கு 315 துண்டுகள் ஒரு நாள் வேலை. இலங்கை வானொலியின் தமிழ் உச்சரிப்பைக் கடல்கடந்து புகழ்ந்த சமூகம் நாம். அந்த ஒரு நாளை ஒதுக்க நமக்கு இருபத்தைந்து ஆண்டுகளாகியும் மனம் வரவில்லை.

எழுத்தை ஒலியாக்கும் மென்பொருள்கள் இன்று தமிழையும் பேசுகின்றனவே, பதிவு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இயந்திரமே பேசும் என்றால் அலுவலகங்களின் சாக்குப்போக்கு இன்னும் வலுவிழக்கிறது. எனினும் யார் வழக்கைப் பேசுவது என்பதும் முக்கியம். தொலைபேசி இலக்கம் சொல்லும்போது நம்மவர் வாயில் வருவது சைபர். பள்ளிக்கூடத்தில் படித்தது பூச்சியம். கிளிநொச்சியிலிருந்து அழைக்கும் முதியவர் தமக்குப் பழகிய சொல்லைக் கேட்க உரிமையுடையவர்.

இலவசம் என்பதால் பராமரிப்பில்லாமல் ஓடும் என்று எவரும் மயங்கவும் வேண்டாம். பலவீனமான கடவுச்சொல்லோடு இணையத்தில் திறந்துவிடப்பட்ட தொகுதியைத் திருடர்கள் விரைவில் கண்டுபிடிப்பார்கள். இரவோடிரவாக வெளிநாட்டு அழைப்புகள் போகும். கட்டணப் பட்டியல் உங்கள் பெயருக்கு வரும். தீச்சுவர் வேண்டும்; தேவையற்ற வெளிநாட்டு அழைப்புகளைத் தடுக்க வேண்டும்; கவனிக்க ஓர் ஆள் வேண்டும். ஒரே பொதியை நம்பியிருப்பதும் ஆபத்து. எலாஸ்டிக்ஸ் 2016 இல் 3சிஎக்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போய்த் தன் திறந்த இயல்பை இழந்தது. பலர் நம்பிய சென்ட்ஓஎஸ் 7 க்கான ஆதரவு 2024 யூனில் முடிந்தது. ஆனால் திறந்த மூலநிரல் என்பதால் எலாஸ்டிக்ஸிலிருந்து இசபெல் பிரிந்து வளர்ந்தது. பூட்டிய பெட்டி செத்தால் அதிலிருந்து எதுவும் முளைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது? 1956 இன் சிங்களம் மட்டும் சட்டத்தால் இந்த நாடு பட்ட பாடு உலகறிந்தது. 1987 இல் 13 ஆவது திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. அரசியலமைப்பில் இருக்கும் மொழி தொலைபேசியில் இல்லாதிருப்பது வசதிக் குறைவன்று, சட்டத்தை மதியாமை.

ஆகவே செய்யக்கூடியவை இவை. அரச நிறுவனமொன்று மூன்றாம் விசைக்குப் பின் தமிழ் பேசாவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். தொலைபேசித் தொகுதிக்கான கேள்விப்பத்திரத்தில் தமிழ் ஒலித்தொகுப்பு கோரப்பட்டதா, கோரப்பட்டிருந்தால் பெறாமலே பணம் செலுத்தப்பட்டதா என்று கேளுங்கள். யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் கணனி விஞ்ஞானம் கற்பிப்போர், இறுதியாண்டு மாணவர் ஒருவருக்கு இந்த 315 துண்டுகளையும் விதிக்கோப்பையும் செயற்றிட்டமாகக் கொடுங்கள். முடிந்ததைப் பொது உரிமத்தில் வெளியிடச் செய்யுங்கள்.

புலம்பெயர்ந்த அன்பர்களுக்கும் ஒரு கேள்வி. உங்கள் கோயிலின், தமிழ்ப் பள்ளியின், ஊர்ச் சங்கத்தின் தொலைபேசி எந்த மொழியில் பதிலளிக்கிறது? அதைத் தடுக்க அங்கே எந்த அமைச்சும் இல்லை. அங்கேயும் ஆங்கிலமே ஒலிக்குமென்றால், கொழும்பைப் பார்த்து நாம் நீட்டும் விரலுக்கு வலுவேது?