கொடிக் கம்பத்தில் ஒளிந்திருக்கும் ரேடியோ!

அமெரிக்காவில் ஒரு விசித்திரப் போராட்டம்

வீட்டு முன்னால் ஒரு கொடிக் கம்பம். உச்சியில் தேசியக் கொடி பறக்கிறது. "நல்ல தேசபக்தர்!" என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள்.

ஆனால், அந்தக் கம்பமே ரேடியோ ஏரியல்!

அமெரிக்காவில் பல ஊர்களில் இந்தக் கண்ணாமூச்சி நடக்கிறது. ஆடுகிறவர்கள் திருடர்களோ, உளவாளிகளோ அல்ல. பரீட்சை எழுதி, சர்க்காரிடம் லைசென்சு வாங்கிய 'ஹாம்' ரேடியோக்காரர்கள். வீட்டில் இருந்தபடியே, சொந்தக் கருவி மூலம் வெளிநாட்டாருடன் பேசுகிறவர்கள்.

லைசென்சு இருக்கும்போது ஏன் ஒளிக்க வேண்டும்?

சங்கத்தின் தடை

அங்கே பல குடியிருப்புகளில் வீட்டுக்காரர் சங்கம் உண்டு. வீடு வாங்குகிறவர் அதன் விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும். சுவருக்கு என்ன வர்ணம் என்பதுகூட விதியில் இருக்கும். "வெளியே ஏரியல் கூடாது" என்பதும் ஒரு விதி. ஏரியல் தெரிந்தால் வீட்டு விலை குறையும் என்று பயம். மீறினால் அபராதம்.

ஹாம் ஏரியலுக்கு நகரசபைகள் நியாயமான அளவு இடம் தர வேண்டும் என்று மத்திய தகவல் தொடர்புக் கமிஷன் 1985-ல் உத்தரவு போட்டது. ஆனால் அது சங்கங்களைக் கட்டுப்படுத்தாது. அது சொந்த ஒப்பந்தமாம்!

1996-ல் வந்த சட்டத்தின் பயனாக, டெலிவிஷனுக்கு ஒரு மீட்டர் அகலத் தட்டு ஏரியலைச் சொந்த இடத்தில் வைக்கலாம். சங்கம் தடுக்க முடியாது.

படம் பார்க்க ஏரியல் வைக்கலாம். ஆபத்தில் பேச வைக்கக் கூடாது. இது என்ன நியாயம்? 2017-ல் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோ தீவைச் சூறையாடியது. மின்சாரம் போயிற்று, டெலிபோன் போயிற்று. அப்போது செஞ்சிலுவைச் சங்கம் ஹாம் ரேடியோக்காரர்களை உதவிக்கு அழைத்தது.

எங்கே ஒளிப்பது?

ஏரியல் இல்லாவிட்டால் கருவி ஊமை. 20 மீட்டர் அலைக்கு அதில் பாதி, அதாவது சுமார் 10 மீட்டர் நீளக் கம்பி வேண்டும்.

சிலர் பரணில் கட்டுகிறார்கள். ஓடு வேய்ந்த மர வீடு என்றால் அலை வெளியே போகும். தகரக் கூரை என்றால் போகாது. சிலர் மெல்லிய கம்பியை இரவில் மரக்கிளையில் கட்டி, விடியுமுன் அவிழ்த்துவிடுகிறார்கள்.

கெட்டிக்கார வழி கொடிக் கம்பம்தான். தேசியக் கொடி ஏற்றுவதைச் சங்கங்கள் அடியோடு தடுக்கக் கூடாது என்று 2005-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. இடம், முறை பற்றி விதி போடலாம். அந்த விதிக்கு உட்பட்டுக் கம்பம் நடுகிறார்கள். அலுமினியக் கம்பமே ஏரியல் ஆகிவிடும். கண்ணாடி இழைக் கம்பம் என்றால் அதற்குள் செம்புக் கம்பி ஓடும். அடியில் இருந்து பல கம்பிகளை நாலாபக்கமும் புல்லுக்கு அடியில் புதைக்கிறார்கள்.

இதில் ஆபத்தும் உண்டு. பேசும்போது ஏரியலைத் தொட்டால் கை சுட்டுவிடும். குழந்தைகளுக்கு எட்டக் கூடாது. வீட்டில் இருப்பவர்கள் மீது எவ்வளவு அலை படும் என்றும் கணக்குப் பார்க்க வேண்டும். இது கமிஷனின் விதி. ஆகவே பலர் சக்தியைக் குறைத்தே பேசுகிறார்கள். கூட்டினால் பக்கத்து வீட்டு ஒலிபெருக்கியில் பேச்சு கேட்கலாம். குட்டு வெளிப்பட்டுவிடும்!

இந்தத் தொல்லையைத் தீர்க்க ஒரு மசோதா வந்தது. 2016-லும் 2017-லும் மக்கள் பிரதிநிதிகள் சபை அதை நிறைவேற்றியது. செனட் சபையில் நிறைவேறவில்லை.