பயிற்சி கொடுத்தாச்சு, இனி உன் பாடு!

டிஸ்கி: மனிதவளத் துறை நண்பர்கள் பி.பி. மாத்திரையைப் போட்டுக்கிட்டு மேலே படிக்கவும். பயிற்சியே வேண்டாம்னு நான் சொல்ல வரலை. பயிற்சிங்கிற பேர்ல நடக்கிற கூத்தைப் பத்தித்தான் சொல்ல வர்றேன்.

நம்மில் பாதிப் பேர் பொட்டி தட்டுறவங்கதான், அதனால இந்தக் காட்சி உங்களுக்குப் புதுசா இருக்காது. திருச்சி கன்டோன்மென்ட் பக்கம் ஒரு ஹோட்டல். ஏசி ஹால். கோட்டு சூட்டில் ஒரு 'பிசினஸ் கோச்'. காலையில பலூன் ஊதி உடைக்கணும். அப்புறம் கண்ணைக் கட்டிக்கிட்டு பின்னாடி சாயணும், கூட வேலை செய்யறவர் பிடிச்சுக்குவார், அதுக்குப் பேரு நம்பிக்கையாம். மத்தியானம் பஃபே. சாயங்காலம் ஒரு ஃபார்ம்: பயிற்சியாளர் எப்படி, ஹால் எப்படி, சாப்பாடு எப்படி? எல்லாத்துக்கும் 5-க்கு 5 போட்டுட்டு பஸ் பிடிக்க ஓடுவோம். திங்கட்கிழமை போனா அதே டேமேஜர், அதே ஆணி.

என் கோபம் பலூன் மேல இல்லை. அந்த ஃபார்ம் மேலதான்.

டொனால்ட் கிர்க்பாட்ரிக்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர், பயிற்சியை நாலு படியா அளக்கணும்னு 1959-லயே எழுதிட்டார். வந்தவங்களுக்குப் பிடிச்சுதா என்பது முதல் படி. ஏதாவது கத்துக்கிட்டாங்களா என்பது ரெண்டாவது. வேலையில நடந்துக்கிற விதம் மாறுச்சா என்பது மூணாவது. அதனால நிறுவனத்துக்குப் பலன் கிடைச்சுதா என்பது நாலாவது. நம்ம ஆளுங்க முதல் படியிலேயே பாயை விரிச்சுப் படுத்துட்டாங்க!

மிச்ச படிகளை எப்படி அளக்கிறதுன்னு கேட்டா, அதுக்கு ஹார்வர்டு எல்லாம் போக வேண்டாம். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துவாக்குடி பஸ் ஏறினா போதும்.

வழியில பெல் வருது. பாய்லர் செய்யற ஊர். அந்த வளாகத்துலதான் வெல்டிங் ஆராய்ச்சி நிலையம் 1975-ல இருந்து இருக்கு. சுத்துப்பட்டுல இருக்கிற சின்னச் சின்னப் பட்டறைகள்ல வெல்டர்கள் நிறைய. என் மாமா பையன் ஒருத்தன் அதுல உண்டு. அவங்களுக்கு வைக்கிற டெஸ்ட்டைக் கேளுங்க. சிக்ஸ் ஜின்னு பேரு. குழாயை 45 டிகிரி சாய்ச்சு அசையாமக் கட்டிடுவாங்க. குழாய் திரும்பாது, வெல்டர்தான் அதைச் சுத்தி வந்து, குனிஞ்சும் நிமிர்ந்தும் மல்லாந்தும் பத்த வைக்கணும். முடிச்சதும் எக்ஸ்ரே எடுப்பாங்க, இல்லேன்னா பத்த வைச்ச இடத்தைத் துண்டா வெட்டி வளைச்சுப் பார்ப்பாங்க. அமெரிக்க ஏ.எஸ்.எம்.இ. விதிப்படி வளைச்ச இடத்துல 3 மில்லிமீட்டருக்கு மேல ஒரு வாய் திறந்தா அவ்வளவுதான், பெயில். பாய்லர் வேலைன்னா இந்திய பாய்லர் விதிகள் 1950-ன்படி தகுதிச் சான்று வேணும். அதுக்கும் கெடு உண்டு.

மேஸ்திரி நல்லாப் பேசினாரா, டீ சூடா இருந்துச்சான்னு கேட்டு அங்கே யாரும் சர்டிபிகேட் தர்றதில்லை. ஏன்னா மூட்டு விட்டா ஆள் செத்துருவான். பயிற்சியோட பலன் ஆளோட முகத்துல இல்லை, அவன் போட்ட மூட்டுல இருக்கு. நான் சொல்ல வர்றது இவ்வளவுதான்.

'அது இரும்பு சார், எங்களது டீம் ஒர்க்கு'ன்னு கோச் சொல்வார். சரி, அப்படியே காவிரிப் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கம் வாங்க. வைகுண்ட ஏகாதசி சமயத்துல நம்பெருமாள் சிம்ம கதியில வெளியே வர்றதைப் பார்த்திருக்கீங்களா? தோளுக்கினியானைச் சுமக்கிற ஸ்ரீபாதம்தாங்கிகள் அத்தனை பேர் காலும் ஒரே கால் மாதிரி நகரும். ஒருத்தர் அடி பிசகினா மொத்தக் கூட்டத்துக்கும் தெரிஞ்சுடும். அதை எந்த பவர்பாயின்ட்டிலும் கத்துக்க முடியாது, தண்டுக்குக் கீழே தோள் கொடுத்துத்தான் பழகணும். (பரம்பரைப் பாத்தியதைன்னு அதுல இருக்கிற அடைப்பை நான் தூக்கிப் பிடிக்கலை. பழகற விதத்தை மட்டும்தான் சொல்றேன்.)

நம்ம கோச்சுகள் எதைச் சொல்லித் தர்றாங்க? 'பேச்சுல வார்த்தைக்கு வெறும் 7 சதவீதம்தான் மதிப்பு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55.' இதைக் கேக்காம பயிற்சி முடிச்சவங்க கையைத் தூக்குங்க :-) இது ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-ல செஞ்ச ரெண்டு சோதனையில இருந்து வந்த கணக்கு. தனித்தனி வார்த்தைகளைச் சொல்ல வைச்சு, பேசுறவருக்கு நம்மளைப் பிடிச்சிருக்கா இல்லையான்னு கேக்கறவங்க எப்படிக் கண்டுபிடிக்கறாங்கன்னு பார்த்த சோதனை அது. உணர்ச்சியைப் பத்திப் பேசும்போது மட்டும்தான் இது பொருந்தும்னு அவரே சொல்லிட்டார். 7 சதவீதம்தான் வார்த்தைன்னா, ஜப்பான்காரர் பேசறதுல 93 சதவீதம் நமக்குப் புரிஞ்சிருக்கணுமே!

அடுத்தது, 'படிச்சா 10 சதவீதம் நிக்கும், செஞ்சா 90 சதவீதம் நிக்கும்'னு ஒரு கூம்பு. எட்கர் டேல் 1946-ல போட்ட கூம்புல ஒரு சதவீதக் கணக்கும் கிடையாது. பின்னால யாரோ சொருகினது.

இதெல்லாம் வெறும் மொக்கைன்னா சிரிச்சுட்டுப் போயிடலாம். நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில நடந்ததைச் சொல்றேன். லால்குடியில இருந்து தினமும் பஸ்ல வர்ற ஒரு பொண்ணு எங்க டீம்ல இருந்தா. கிளையன்ட் கேக்கறது ரெண்டு பேர் வாய் வழியா மாறி மாறித்தான் அவகிட்ட வந்து சேரும். 'எழுத்துல கொடுங்க'ன்னு மூணு தடவை கேட்டா. கொடுக்கலை. செஞ்சது தப்பாச்சு. உடனே அவளுக்கு 'கம்யூனிகேஷன்' பயிற்சி, ரெண்டு நாள். அடுத்த அப்ரைசல்ல என்ன எழுதினாங்க தெரியுமா? 'பயிற்சி அளிக்கப்பட்டது, முன்னேற்றம் இல்லை.' ரெண்டே மாசத்துல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. கிளையன்ட் கேக்கறது மட்டும் அதுக்கப்புறமும் வாய் வழியாத்தான் வந்துச்சு.

புரியுதா? அந்தப் பயிற்சி அவளுக்கு இல்லை, ஃபைலுக்கு. குறை வேலை நடக்கிற முறையில இருக்கு, பழி ஆளோட மனப்பான்மை மேல. ஈரக் கம்பியைக் கையில கொடுத்துட்டு வெல்டருக்கு ஊக்க உரை நடத்தற கதைதான் இது. கம்பி ஈரமா இருந்தா மூட்டுல பொத்தல் விழும். முதல்ல அதை அடுப்புல வைச்சுக் காய வைக்கணும்.

'மென்திறனை எல்லாம் எக்ஸ்ரே எடுக்க முடியுமா'ன்னு கேப்பாங்க. எடுக்கலாங்க. கோட் ரிவ்யூ எத்தனை நாள் தூங்குது? ஒருத்தர் லீவு போட்டா அவர் வேலையை இன்னொருத்தர் ஃபோன் பண்ணாம எடுத்துச் செய்ய முடியுதா? மீட்டிங்ல ஜூனியர் ஒருத்தர் 'இந்தத் தேதிக்கு முடியாது சார்'னு சொன்னா வேலையோட இருக்காரா? பயிற்சிக்கு முன்னாடி எண்ணுங்க, மூணு மாசம் கழிச்சு எண்ணுங்க. எண்ணிக்கை மாறலைன்னா கோச்சுக்கு மிச்சப் பணத்தைத் தராதீங்க. பட்டறையில ரிப்பேர் மூட்டுக்கு யாராவது தனிக் கூலி தர்றாங்களா?

இன்னும் ரெண்டு. பயிற்சிக்கு டீமோட நிஜமான ஆணியையே எடுத்துக்கிட்டு வாங்க, பலூன் வேண்டாம். டேமேஜரும் முதல் வரிசையில உக்காரட்டும், பாதியில ஃபோன் வந்துச்சுன்னு எழுந்து போகாம.

அடுத்த தடவை அந்த ஃபார்ம் உங்க கைக்கு வரும்போது, சாப்பாடு எப்படிங்கிற கட்டத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்து எழுதுங்க மக்களே: 'மூட்டை எப்ப சார் வளைச்சுப் பார்க்கப் போறீங்க?'