கத்தோலிக்கப் பள்ளியில் நம் பிள்ளைகள்



மும்பை, பெங்களூர், கொல்கத்தா நகரங்களில் வாழும் நம் விசுவாசக் குடும்பங்கள் சேர்க்கைக் காலத்தில் ஒரே கேள்வியோடு வருகின்றன. "ஐயா, மகளைக் கன்னியாஸ்திரீகளின் பெண்கள் பள்ளியிலும், மகனைக் குருமாரின் ஆண்கள் பள்ளியிலும் சேர்க்கலாமா? படிப்பு நன்றாயிருக்கும், முழுமையான வளர்ப்பு கிடைக்குமா?"

முழுமைக்கு வேதத்தின் அளவுகோல் லூக்கா 2:52. இயேசு அறிவிலும் உடலிலும் தேவனோடும் மனிதரோடும் உள்ள உறவிலும் வளர்ந்தார் என்று அங்கே காண்கிறோம். முதலிரண்டில் இப்பள்ளிகள் பெரும்பாலும் குறை வைப்பதில்லை. ஆயினும் அச்சிறப்பு ஆண், பெண் என்று பிரிப்பதால் வருவதன்று. 21 நாடுகளின் 16 லட்சம் மாணவரைப் பற்றிய 184 ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வாளர், குடும்பப் பின்னணி முதலியவற்றைக் கணக்கில் கொண்டால் தனிப்பள்ளியால் பெரிய ஆதாயமில்லை என்றனர். நல்ல ஆசிரியரும் கண்டிப்புமே காரணம் என்பது என் எண்ணம்.

மகளுக்கும் மகனுக்கும் ஒரே பதில் சொல்ல இயலாது. பெண்கள் பள்ளியில் மாணவர் தலைமையும் ஆய்வகமும் விளையாட்டுத் திடலும் பெண்களுடையவை, கூச்சம் நீங்குகிறது. கொல்கத்தா சியால்டாவின் லொரேட்டோ பள்ளியைப் பாருங்கள். 1979-இல் தலைமையேற்ற சகோதரி சிரில் மூனி, தெருவோரப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவைத் திறந்தார். மாணவிகளே அவர்களுக்குக் கற்பித்தனர். 2007-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. அவருடைய உபதேசம் நம்முடையதன்று. ஆனாலும் நம் ஞாயிறு பள்ளிகள் இதில் அவரிடம் கற்க வேண்டும்.

மகனின் காரியம் வேறு. பள்ளியில் ஆண்கள் மட்டும். சபைக்கு வந்தாலும் ஆண்கள் ஒருபுறம், பெண்கள் மறுபுறம். உடன்பிறந்த சகோதரி இல்லாதவன் ஒரு பெண்ணின் கருத்தை எங்கே கேட்பான்? நாளை அலுவலகத்தில் பெண் அதிகாரியின் கீழ் எப்படி வேலை செய்வான்? பவுல் தீமோத்தேயுவிடம் இளம்பெண்களைச் சகோதரிகளாகப் பாவிக்கச் சொன்னார். காணாமல் ஒதுங்கச் சொல்லவில்லை. ஆண்கள் பள்ளியில் சேர்ப்போர், மூப்பர் முன்னிலையில் இருபாலாரும் சேர்ந்து வேதம் ஆராயும் வாலிபர் கூட்டத்திற்கு அவனைத் தவறாமல் அனுப்புங்கள்.

ஜெபமாலையும் மாதா திருநாளும் பலரைக் கலங்கச் செய்கின்றன. அரசு அங்கீகாரமோ அரசு நிதியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதமின்றி மைனர் பிள்ளையை மத போதனையிலோ ஆராதனையிலோ பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28(3)-ஆம் பிரிவு. சேர்க்கையின்போதே தலைமையாசிரியருக்கு மரியாதையாக ஒரு கடிதம் கொடுங்கள். தானியேல் பிரதானியிடம் வேண்டிக்கொண்டான், சண்டையிடவில்லை. கல்தேயரின் கல்வியையும் கற்றான். காரணம் விளக்காமல் "கும்பிடாதே" என்று மட்டும் சொல்லி அனுப்பினால், பிள்ளை பிறரைப் பரிகசிக்கவே பழகும்.

எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் இந்நகரங்களில் ஒரு குறை நிற்கிறது. ஆங்கிலக் கட்டுரையில் பரிசு வாங்கும் பிள்ளை, குடும்ப ஜெபத்தில் தமிழ் வேதாகமத்தைக் கொடுத்தால் பாட்டியின் முகத்தைப் பார்க்கிறது. தகப்பன்மாரே, சனிக்கிழமை மாலை அரைமணி நேரம் ஒதுக்குங்கள். 23-ஆம் சங்கீதத்தில் தொடங்கலாம்; ஆறே வசனங்கள்தான்.