விளம்பரத்தை வெட்டாதீங்கோ

ரீவி கார்ட் பூட்டின பழைய கொம்பியூட்டர் ஒன்று சில வீடுகளில் இன்னும் மூலையில் கிடக்கிறது. பத்துப் பதினைந்து வருடத்துக்கு முதல் ஒரு அண்ணாவோ மாமாவோ பதிந்து வைத்த செய்தி, நாடகம், கிரிக்கெட் மட்ச், நல்லூர்த் திருவிழா எல்லாம் அதற்குள் இருக்கும். இப்ப ஹார்ட் டிஸ்க் சத்தம் போடத் தொடங்கிவிட்டது. உடனே ஜெல்லிஃபினையோ ப்ளெக்ஸையோ புது மெஷினில் போட்டு, எல்லாவற்றையும் அதற்குள் கொட்டுகிறோம். கொட்டுறது நல்ல வேலைதான். கொட்டுற விதத்தில்தான் எனக்குக் கோபம்.

இந்த மென்பொருட்கள் எல்லாம் நெட்ஃபிளிக்ஸ் மாதிரி ஒரு சுவரைக் காட்டுகின்றன. போஸ்டர், கதைச்சுருக்கம், சீசன், எபிசோட். சுவர் வடிவாய் வரவேணும் என்றுதான் எங்கட ஆக்கள் முதலில் விளம்பரத்தை வெட்டுகிறார்கள். மித்டிவி போன்ற பழைய பதிவு மென்பொருட்களில் விளம்பரத்தைத் தானாகக் கண்டுபிடிக்கிற வசதியும் இருந்தது. ஒரு நாடகத்தை இன்னொருத்தரும் பதிந்திருக்கக் கூடும். அந்த நாடகத்துக்கு நடுவில் போன சவர்க்கார விளம்பரத்தையும், கீழே ஓடின செய்தி வரியையும், வேலைவாய்ப்பு அறிவித்தலையும் ஆர் வைச்சிருக்கப் போகினம்? அண்டைக்கு அரிசி என்ன விலை, எந்த ஊருக்குப் பஸ் விட்டவை, தமிழில் எப்பிடிப் பொருள் வித்தவை என்பதெல்லாம் அதற்குள்தான் இருக்கு.

அமெரிக்காவில் மரியன் ஸ்ரோக்ஸ் என்ற பெண் 1970களின் கடைசியில் இருந்து 2012இல் இறக்கும்வரை வீட்டிலேயே ரீவியைப் பதிந்துகொண்டிருந்தார். சுமார் 70,000 கஸற்றுகள். விளம்பரம், இடைவேளை என்று ஒன்றையும் பிரிக்கவில்லை. இருக்கும்வரை வீட்டை அடைச்ச குப்பை என்று ஆராவது சொல்லியிருப்பினம். இன்டர்நெட் ஆர்க்கைவ் அதை முழுசாகப் பொறுப்பெடுத்தது.

அடுத்தது பெயர். மித்டிவி, நிகழ்ச்சியின் பெயரைக் கோப்பில் எழுதாது. கோப்பின் பெயரில் சனல் எண்ணும் பதிந்த நேரமும் மட்டும்தான் இருக்கும். தலைப்பும் விபரமும் தனியாக ஒரு தரவுத்தளத்துக்குள் கிடக்கும். வீடியோவை மட்டும் கொப்பி பண்ணிவிட்டு அந்த மெஷினை அழித்தீர்களோ, கையில் மிஞ்சுவது வெறும் இலக்கங்கள். அதனால் முதலில் தரவுத்தளத்தை பக்கப் எடுங்கோ, வீடியோ பிறகு. விண்டோஸ் 7இன் மீடியா சென்டர் பரவாயில்லை. அதன் டபிள்யூடிவி கோப்புகளுக்குள்ளேயே தலைப்பும் திகதியும் இருக்கும். ஆனால் விண்டோஸ் 10 வந்தபோது மைக்ரோசொஃப்ட் மீடியா சென்டரையே கைவிட்டது. கொப்பி தடை போட்டுப் பதிவான கோப்புகள் என்றால், பதிந்த மெஷினை விட வேறெங்கும் ஓடாது. ஒரு கொம்பனியின் மென்பொருளை நம்பி வீட்டுச் சொத்தைப் பூட்டி வைக்கிறதுக்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

புது மென்பொருளோ பெயரை இணையத்தில் போய்த் தேடும். ஆங்கிலத் தொடருக்கு அது நல்லாய் வேலை செய்யும். எங்கட உள்ளூர் நாடகத்துக்கு அங்கே பெரும்பாலும் பதிவே இல்லை. இல்லையென்றால் சும்மா இருக்கவும் மாட்டுது, அதே பெயரில் வந்த ஒரு இந்தியப் படத்தின் போஸ்டரைக் கொண்டுவந்து ஒட்டிவிடும். ரூபவாஹினி தொடங்கினது 1982இல். அதுக்குப் பிறகு இந்த நாட்டில் தமிழில் ஒளிபரப்பானதில் எவ்வளவைத் தேடிப் பார்க்கலாம் என்று யோசிச்சுப் பாருங்கோ. இருக்கிற கொஞ்சத்துக்கும் மற்றவன்ர படத்தை ஒட்டி வைக்கிறதைச் சின்னப் பிழை என்று என்னால் விட ஏலாது. அந்த லைப்ரரிக்கு இணையத் தேடலை நிப்பாட்டிவிட்டு, ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் ஒரு என்எஃப்ஓ கோப்பு வையுங்கோ. அது வெறும் எழுத்துக் கோப்பு, நோட்பேட்டில் திறக்கலாம், தமிழில் எழுதலாம். கோடியும் ஜெல்லிஃபினும் அதை வாசிக்கும். எபிசோட் எண் தெரியாவிட்டால், ஒளிபரப்பான திகதியைக் கோப்பின் பெயரில் போடுங்கோ.

இன்னொரு பழக்கம், இடம் மிச்சம் பிடிக்க எல்லாவற்றையும் புதிய வடிவத்துக்குச் சுருக்குவது. சாதாரண எம்பெக்-2 பதிவு ஒரு மணித்தியாலத்துக்கு 2 ஜிபி அளவில் வரும். 4 டெராபைட் டிஸ்க் ஒன்றில் கிட்டத்தட்ட 2,000 மணித்தியாலம் கொள்ளும். பிறகென்ன அவசரம்? சுருக்கும்போது போன விபரம் திரும்பி வராது. எங்கட ஒளிபரப்பு பால் முறை, அதாவது செக்கனுக்கு 50 அரைப்படம். அவசரத்தில் மாற்றினால் அதில் பாதி போய், ஓடுகிற பந்து துள்ளித் துள்ளிப் போகும். வெளி உறை மட்டும் மாறவேண்டும் என்றால், எஃப்எஃப்எம்பெக்கில் உள்ளே தொடாமல் எம்கேவிக்கு மாற்றலாம். ஒரு மணித்தியால நிகழ்ச்சிக்கு ஒன்றிரண்டு நிமிடம் போதும்.

கஸற்றில் இருக்கிறதுகள் தனிக்கதை. டெக் செய்துகொண்டிருந்த கடைசிக் கொம்பனியான ஃபுனாயும் 2016இல் நிப்பாட்டிவிட்டது. ஓடுகிற டெக் ஒன்று கிடைத்தால் கஸற்றுகளைச் சுணக்காமல் முடியுங்கோ.

என்எஃப்ஓ எழுத உட்காரும்போது அம்மாவையோ மாமாவையோ பக்கத்தில் வைச்சுக்கொள்ளுங்கோ. பெயர்ப் பட்டியல் வெட்டுப்பட்டுப்போன நாடகத்தில் நடிச்சது ஆர் என்று அவைக்குத்தான் தெரியும்.