முதல் வரிசைக்கு ஒரு வார்த்தை

எந்த வகுப்பிலும் இரண்டு மூன்று பிள்ளைகள் இருப்பார்கள். உபாத்தியாயர் கேள்வியை முடிக்கும் முன்பே அவர்களுடைய கை உயர்ந்துவிடும். கேட்டதற்கு விடை சொல்வதோடு நில்லாமல் கேளாததற்கும் சொல்வார்கள். உபாத்தியாயருக்கு மனம் குளிரும். பாடம் வெகு ஜோராக நடப்பதாகவே தோன்றும். அதே நேரத்தில் பின்வரிசைகளில் இருக்கும் முப்பது பேர், 'இது நமக்கு வராத வித்தை' என்று மெள்ள முடிவு கட்டிக்கொள்வதை அவர் காண்பதில்லை. பல வருஷங்களாக இத்தொழிலில் இருக்கும் நானும் நெடுநாள் அதைக் காணவில்லை என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகிறேன்.

இந்த நோயைக் கண்டு, அதற்குப் பரிகாரமும் தேடிய ஒரு கலாசாலையின் கதையை இவ்வாரம் சொல்ல விரும்புகிறேன். அமெரிக்காவில் காலிபோர்னியா மாகாணத்தைச் சேர்ந்த கிளேர்மாண்ட் என்னும் ஊரில் ஹார்வி மட் கலாசாலை இருக்கிறது. 1955-ல் ஸ்தாபிக்கப்பட்டது, மிகச் சிறியது, விஞ்ஞானமும் பொறியியலும் கணிதமுமே அங்கே பிரதானம். 2006 முதல் 2023 வரையில் அதன் தலைமைப் பதவியை வகித்தவர் கணிப்பொறி சாஸ்திரப் பேராசிரியையான ஸ்ரீமதி மரியா கிளாவே. அப்பதவிக்கு வந்த முதல் பெண்மணி அவரே.

அம்மையார் 1951-ம் வருஷம் கனடா தேசத்தில் டொரான்டோ நகரில் பிறந்தவர். 1977-ல் அல்பெர்ட்டா சர்வகலாசாலையில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பிறகு ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சிக் கூடத்தில் எட்டு வருஷம் வேலை பார்த்தார். ஒருவித ஒழுங்குடன் அமைந்த பெரியதோர் எண் அட்டவணையில், எல்லாக் கட்டங்களையும் பார்க்காமலே ஒவ்வொரு வரிசையின் மிகப் பெரிய எண்ணையும் விரைவில் கண்டுபிடிக்கும் முறை ஒன்றை, நால்வருடன் சேர்ந்து 1987-ல் வெளியிட்டார். ஐவருடைய பெயர்களின் முதல் எழுத்துக்களைக் கோத்து அதற்கு 'ஸ்மாக்' என்று பெயர் வழங்குகிறது. அப்பால் பிரிட்டிஷ் கொலம்பியா சர்வகலாசாலையில் கணிப்பொறித் துறையின் தலைமை. 2003-ல் பிரின்ஸ்டன் சர்வகலாசாலையில் பொறியியல் பிரிவின் தலைமை. இத்தனை படிகள் ஏறியவர், 'நான் இதற்குத் தகுதியானவள்தானா?' என்ற ஐயம் தம்மை விட்டு நீங்கியதே இல்லை என்று பல மேடைகளில் பகிரங்கமாகச் சொல்லியிருக்கிறார். பின்வரிசை மாணவியின் மனத்தை அவர் அறிந்திருந்ததற்கு இதைவிட வேறு காரணம் வேண்டுமா?

கணிப்பொறி ஆண்களுக்கே உரிய வித்தை என்று நினைப்பவர்கள் அதன் சரித்திரத்தைப் பார்க்க வேண்டும். 1946-ல் உலகத்துக்குக் காட்டப்பட்ட 'எனியாக்' என்னும் பிரம்மாண்டமான யந்திரத்தை இயக்கக் கணக்கு முறைகளை அமைத்துக் கொடுத்தவர்கள் ஆறு பெண்கள். அமெரிக்காவில் 1984-ம் வருஷத்தையொட்டிக் கணிப்பொறி சாஸ்திரத்தில் பட்டம் பெற்றவர்களில் நூற்றுக்குச் சுமார் 37 பேர் பெண்களாக இருந்தார்கள். கால் நூற்றாண்டு கழித்துப் பார்த்தால் அது நூற்றுக்குச் சுமார் 18 ஆகச் சுருங்கிவிட்டது! இருபத்தைந்து வருஷத்தில் பெண்களின் மூளை பாதியாகிவிட்டதா என்ன?

நடந்தது இதுதான். அந்தக் காலத்தில் கணிப்பொறி வீடுகளுக்குள் வந்தது. விளம்பரங்கள் அதைப் பையன்களின் விளையாட்டுச் சாமானாகக் காட்டின. பெற்றோர் அதைப் பையனின் அறையிலே வைத்தார்கள். கலாசாலையில் சேரும்போதே பையன் நான்கைந்து வருஷம் பழகியவனாக வந்தான். பெண் அன்றுதான் முதல் பாடம் கேட்க வந்தாள். ஆசிரியர் பையனுடைய வேகத்துக்குப் பாடம் நடத்தினார். பழக்கத்தைப் புத்தி என்று எல்லாரும் எண்ணிவிட்டார்கள். அந்தப் பெண்ணும் அப்படியே எண்ணினாள்.

ஹார்வி மட்டில் முதல் வருஷத்து மாணாக்கர் அனைவரும் கணிப்பொறிப் பாடம் ஒன்றைக் கட்டாயமாகப் படிக்க வேண்டும். ஆயினும் அதையே மேற்படிப்பாக எடுத்துக்கொண்டவர்களில் பெண்கள் பத்தில் ஒருவர் என்ற அளவிலேயே இருந்தார்கள். ஸ்ரீமதி கிளாவே வந்த சமயத்தில் அத்துறை ஆசிரியர்கள் பாடத்தைத் திருத்தி அமைக்க முனைந்திருந்தார்கள். இந்தப் பெருமை அவர்களைச் சேர்ந்தது என்று அவரே சொல்லுவது வழக்கம். தலைவி அதற்கு ஆதரவும் ஊக்கமும் அளித்தார்.

என்ன செய்தார்கள்? 'ஜாவா' என்னும் கடினமான கணிப்பொறி மொழியை விட்டு, எளிதில் படியும் 'பைதான்' மொழியைக் கொண்டுவந்தார்கள். விஞ்ஞானத்தில் எழும் பிரச்னைகளைத் தீர்க்கும் கலையாகப் பாடத்தை மாற்றினார்கள். முன்பே பழகியவர்களுக்கு ஒரு பிரிவு, புதியவர்களுக்கு ஒரு பிரிவு என்று வகுத்தார்கள். இதில் ஒரு நயம் கவனிக்கத் தக்கது. கெட்டிக்காரர், மந்தர் என்று தோன்றும்படி பெயர் வைக்காமல், கலாசாலையின் கொடி நிறங்களைக் கொண்டு 'கறுப்பு', 'பொன்' என்று பெயரிட்டார்கள். புதியவர்களுக்குக் கிடைத்தது பொன்! முதல் வருஷத்து மாணவிகளை, கணிப்பொறித் துறைப் பெண்மணிகள் கூடும் க்ரேஸ் ஹாப்பர் மகாநாட்டுக்கு அழைத்துச் சென்றார்கள். முதல் வருஷம் முடிந்த கோடை விடுமுறையிலேயே ஆராய்ச்சி வேலையும் கொடுத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. வகுப்பில் ஓயாமல் விடை சொல்லும் மாணவனை ஆசிரியர் தனியே அழைப்பாராம். "உன் ஆர்வம் எனக்கு மிக்க மகிழ்ச்சி அளிக்கிறது, ஆனால் உனக்கு இவ்வளவு தெரிவதைக் கண்டு மற்றவர்கள் அஞ்சுகிறார்கள், இனி நாம் இருவரும் வகுப்புக்கு வெளியே பேசுவோம்" என்னும் கருத்துப்பட இதமாகச் சொல்லுவாராம். கண்டனமும் இல்லை, அவமானமும் இல்லை. பையனுக்கு ஆசிரியரின் நட்புக் கிடைக்கிறது. மற்றவர்களுக்கு வகுப்புக் கிடைக்கிறது. இதற்குக் காலணாச் செலவு உண்டா?

சுமார் ஐந்து வருஷத்தில் பத்தில் ஒன்று என்றிருந்த விகிதம் பத்தில் நான்கு ஆயிற்று. 2016-ல் அத்துறையில் பட்டம் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டவர் பெண்கள். குறை இல்லாமலும் இல்லை. 2017-ல் பாடச் சுமை தாங்கவில்லை என்பது உள்ளிட்ட முறையீடுகளுடன் மாணாக்கர் கிளர்ச்சி செய்ய, வகுப்புகள் சில நாள் நிறுத்தப்பட்டன. கதவைத் திறந்தால் போதாது. உள்ளே வந்தவர்கள் மூச்சு விடவும் இடம் வேண்டும்.

நம் தேசத்தோடு தொடர்புள்ள ஒரு சம்பவமும் உண்டு. 2014-ம் வருஷம் அக்டோபரில், அரிசோனா மாகாணத்துப் பீனிக்ஸ் நகரில் அதே மகாநாடு நடந்தது. ஹைதராபாத்தில் பிறந்து மைக்ரோசாப்ட் கம்பெனியின் தலைமைக்கு வந்த ஸ்ரீ சத்யா நாதெல்லா மேடையில் இருந்தார். சம்பள உயர்வு கேட்கத் தயங்கும் பெண்களுக்கு என்ன சொல்லுகிறீர்கள் என்று ஸ்ரீமதி கிளாவே வினவினார். கேளாமல் இருப்பதும் நல்ல கர்மம். பலன் தானே வந்து சேரும் என்னும் பொருளில் அவர் விடையளித்தார். அக்கம்பெனியின் நிர்வாக சபையில் அப்போது அங்கத்தினராக இருந்த அம்மையார், மேடையிலேயே அதை மறுத்தார். சபை கரகோஷம் செய்தது. பிரின்ஸ்டனில் சேர்ந்தபோது தாமும் பேரம் பேசத் தெரியாமல் சுமார் 50,000 டாலர் இழந்ததை எடுத்துச் சொல்லி, கேட்பதற்கு முன்கூட்டியே பழகிக்கொள்ளுங்கள் என்று பெண்களுக்குப் புத்தி கூறினார். ஸ்ரீ நாதெல்லாவும் அன்றைக்கே தமது விடை தவறு என்று எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார். அது அவருக்குக் கௌரவம். கர்மம் என்றால் செயல் என்றுதானே நம் பெரியோர் பொருள் சொன்னார்கள்? வாய் மூடிக் காத்திருப்பதற்கு அந்தப் பெயரை யார் சூட்டினார்கள்?

இதைப் படிக்கும் பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். தங்கள் வீட்டுக் கணிப்பொறி எந்த அறையில் இருக்கிறது, மாலையில் அதன் முன் உட்காருவது யார், அந்த வேளையில் அடுக்களையிலிருந்து குரல் கொடுத்து அழைக்கப்படுவது யார் என்று இன்றே பாருங்கள். உபாத்தியாயர்களான நாங்களும் எங்கள் பங்கைச் செய்கிறோம். நாளை மணி அடித்த பிறகு, முதல் வரிசைப் பையனைச் சற்று இருக்கச் சொல்லி ஒரு வார்த்தை பேசுவதாக நான் தீர்மானித்திருக்கிறேன்.